காலியா கிடக்கிற கட்டடத்தை கட்டுபடியாகுற வாடகை வீடா மாத்துறது எப்படி: முழு வழிகாட்டி

ஊருக்கு நடுவுல ஏழு மாடி ஆபீஸ் கட்டடம் வருஷக்கணக்கா பூட்டிக் கிடக்கும், அதுக்கு எதிர்ல ராத்திரி பஸ்ஸுக்கு நிக்கிற ஆளு ஒன்றரை மணி நேரம் தள்ளி வீடு எடுத்திருப்பாரு, ஏன்னா கிட்டத்துல எடுக்க அவரு சம்பளம் பத்தாது. இதைப் பாக்குற யாருக்கும் தோணுறதுதான், இதையே வீடாக்கிட்டா என்ன? ஆக்கலாம். ஆனா பத்து கட்டடம் பாத்தா ஏழெட்ட வேண்டாம்னு விட்டுட்டு வரவேண்டியிருக்கும், அந்த வேண்டாம்ங்கிறத சீக்கிரமா, காசு செலவு பண்றதுக்கு முன்னாடியே சொல்லத் தெரிஞ்சவங்கதான் இந்த வேலைய முடிக்கிறாங்க. நான் சைட் பக்கம் நின்னு கத்துக்கிட்டத வரிசையா சொல்றேன். சங்கமா சேர்ந்து பண்ணலாம்னு நினைக்கிறவங்க, ட்ரஸ்ட் நடத்துறவங்க, சின்ன பில்டர், நகராட்சில வேலை பாக்குறவங்க, யாருக்குமே வரிசை இதுதான்.

படி 1: வாடகைலேர்ந்து பின்னாடி வாங்க

எல்லாரும் பண்ற தப்பு கட்டடத்தைப் பாத்து ஆசைப்பட்டுட்டு அப்புறம் கணக்கு போடுறது. அப்படிப் போட்டா செலவு எவ்வளவோ அதுக்கேத்த வாடகைதான் வரும், அது யாருக்கு கட்டுபடியாகும்னு கடைசில தேடிக்கிட்டு இருப்பீங்க. தலைகீழா போடணும்.

வீட்டுச் செலவு வருமானத்துல 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாதுங்கிறது நிறைய நாட்ல புழங்குற அளவு. நீங்க யாருக்காக பண்றீங்களோ அந்தக் குடும்பத்தோட மாச வருமானத்தை 100னு வச்சுக்குங்க. 30 வீட்டுக்கு. அதுல கரண்ட், தண்ணிக்கு 5 போச்சுன்னா வாடகை 25. அந்த 25லயும் லிஃப்ட் பராமரிப்பு, காவலாள், வரி, இன்சூரன்ஸ், காலியா நிக்கிற மாசம், பின்னாடி வர்ற பெரிய ரிப்பேருக்கு எடுத்து வைக்கிறது எல்லாம் சேர்ந்து 10 சாப்பிடும். மிச்சம் 15, அதான் கடன் கட்ட.

மாசம் 15 கட்டினா 8 சதவீத வட்டில, 20 வருஷக் கடன்ல எவ்வளவு வாங்கலாம்? கிட்டத்தட்ட 1,800. அதாவது ஒரு வீட்டுக்கு நீங்க கடன்ல செலவழிக்கக் கூடியது அந்தக் குடும்பத்தோட 18 மாச வருமானம், அவ்வளவுதான். கட்டடம் வாங்குறது, ரிப்பேர், ஃபீஸ், வேலை நடக்குறப்போ ஓடுற வட்டி எல்லாம் அதுக்குள்ள. முதல் தடவ இந்த நம்பரைப் பாக்குறவங்க கொஞ்ச நேரம் பேச மாட்டாங்க.

இதே கணக்குல கடன் காலத்தை 30 வருஷமா நீட்டினா 18 மாசம் 20 மாசமாகுது, வட்டிய 8லேர்ந்து 4 ஆக்கினா 25 மாசமாகுது. அதனால பேங்க்ல உக்காந்து காலத்துக்காக மல்லுக்கட்டாதீங்க, வட்டிக்காக கட்டுங்க. குறைஞ்ச வட்டிப் பணம் எங்க கிடைக்கும்னு தேடுறதுதான் இந்தத் தொழில்ல பாதி வேலை.

இன்னொண்ணு, கட்டடத்தோட மொத்தப் பரப்பு வீடாகாது. வராந்தா, மாடிப்படி, லிஃப்ட், பைப் போற ஷாஃப்ட் எல்லாம் போக 70 சதவீதம் தேறினா நல்ல கட்டடம். 40 சதுர மீட்டர் வீடு ஒண்ணு வேணும்னா 57 சதுர மீட்டர் கட்டடம் தேவைப்படும். 18 மாச வருமானத்தை 57ஆல வகுத்துப் பாருங்க, சதுர மீட்டருக்கு உங்க உச்சவரம்பு அதான். அந்த நம்பரை ஒரு துண்டுச் சீட்டுல எழுதி பாக்கெட்ல போட்டுக்கிட்டு அப்புறமா கட்டடம் பாக்கப் போங்க.

படி 2: ஏன் காலியா இருக்கு?

எந்தக் கட்டடமும் சும்மா காலியா கிடக்காது. நான் பாத்தவரைக்கும் காரணம் நாலே நாலுதான். ஒண்ணு, அண்ணன் தம்பி சொத்துச் சண்டை, கேஸ் நடக்குது. ரெண்டு, விலை ஏறட்டும்னு ஓனர் உக்காந்திருக்காரு. மூணு, கடன் கட்டாம பேங்க் எடுத்து வச்சிருக்கு. நாலு, கட்டடமே சரியில்ல, யாருக்கும் வேண்டாம்.

கேஸ் நடக்குற சொத்துல எவ்வளவு சல்லிசா கிடைச்சாலும் கை வைக்காதீங்க. விலைக்காக காத்திருக்கிறவர்கிட்ட வாங்கவே முயற்சி பண்ணாதீங்க, நீண்ட கால குத்தகை கேளுங்க, சொத்து அவர்கிட்டயே இருக்கும், வரியும் காவலும் அவரு தலைலேர்ந்து எறங்கும், நிறைய பேர் இதுக்கு சம்மதிக்கிறாங்க. ஆனா குத்தகைக் காலம் உங்க கடன் காலத்தை விட நீளமா இருக்கணும், இல்லன்னா கடன் முடியுறதுக்கு முன்னாடி கட்டடம் கைய விட்டுப் போயிடும். பேங்க் கைல இருக்கிறதுதான் பேரம் பேச நல்லது, அவங்களுக்கு அது கணக்குப் புத்தகத்துல ஒரு தலைவலி. நாலாவது ரகத்துக்கு படி 4 வரைக்கும் பொறுங்க.

சில ஊர்ல நிர்வாகமே ஓனரை அசைக்குது. கனடாவுல வான்கூவர் 2017லேர்ந்து காலி வீட்டுக்குத் தனி வரி போடுது, சொத்து மதிப்புல 1 சதவீதத்துல ஆரம்பிச்சு இப்ப 3 சதவீதம். இங்கிலாந்துல ரொம்ப நாளா பூட்டிக் கிடக்குற வீட்டை உள்ளாட்சியே எடுத்து வாடகைக்கு விடலாம்னு 2004 சட்டத்துல வழி இருக்கு. உங்க ஊர்ல இப்படி எது இருக்குன்னு ஓனரைப் பாக்கப் போறதுக்கு முன்னாடியே தெரிஞ்சு வச்சுக்குங்க, பேச்சுல கை ஓங்கும்.

ஓனர் காலின்னு சொல்ற கட்டடம் நிஜமாவே காலியான்னும் பாருங்க. வெனிசுவேலால காரகாஸ்ல 45 மாடி டோரே டேவிட் கட்டடம் 1994ல பாதில நின்னுது, 2007லேர்ந்து ஆயிரக்கணக்கான பேர் அதுல குடி வந்து, லிஃப்ட் இல்லாம, பக்கத்து பார்க்கிங் சரிவுல பைக்ல ஆளை ஏத்தி எறக்கி, உள்ளயே கடை போட்டு வாழ்ந்தாங்க, 2014ல காலி பண்ண ஆரம்பிக்கிற வரைக்கும். உங்க கட்டடத்துல அந்த அளவு இருக்காது, ஆனா பின்பக்கம் ஒரு காவலாள் குடும்பம், படிக்கட்டு அடில ரெண்டு பேர்னு இருப்பாங்க. முதல் வீடு அவங்களுக்குன்னு முதல் நாளே கணக்குல சேர்த்துடுங்க. இருக்கிறவங்களத் துரத்திட்டு ஏழைக்கு வீடு கட்டுறேன்னு சொல்றதுல எனக்கு அர்த்தம் தெரியல.

படி 3: டேப்பை எடுத்துக்கிட்டு போங்க

இந்தப் படிலதான் முக்கால்வாசி கட்டடம் தோத்துப் போகும். அளக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, ஒரு பக்க ஜன்னலுக்கும் எதிர்ப்பக்க ஜன்னலுக்கும் நடுவுல எத்தன மீட்டர்.

வீட்ல மனுஷன் புழங்குற ரூமுக்கு ஜன்னல் வேணும். ஜன்னலோட மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ அதுல ரெண்டு, ரெண்டரை மடங்கு தூரம் வரைக்கும்தான் உருப்படியா வெளிச்சம் உள்ள வரும், அதாவது சுமாரா 6 மீட்டர். அதுக்குப் பின்னாடி இருட்டுல பாத்ரூமும் அலமாரியும் வச்சா வீட்டோட ஆழம் 8 மீட்டர். நடுவுல 2 மீட்டர் வராந்தா, அந்தப் பக்கம் இன்னொரு 8. ஆக 18 மீட்டர் அகலக் கட்டடம்னா கையக் குடுத்து வாங்கிக்கலாம். 25ன்னா யோசிக்கணும். 35, 40ன்னா நடு இடம் பூரா குகை.

ட்யூப்லைட்டும் ஏசியும் பரவுறதுக்கு முன்னாடி கட்டின ஆபீஸ்ல கிளார்க் ஜன்னல் வெளிச்சத்துலதான் எழுதணும், அதனால அந்தக் காலத்துக் கட்டடம் ஒல்லியா இருக்கும், இல்லன்னா நடுவுல முற்றம் மாதிரி திறந்த இடம் விட்டிருப்பாங்க. அதுக்கப்புறம் வந்த கண்ணாடிப் பெட்டிகளுக்கு அந்தக் கவலையே இல்ல, சதுரமா கொழுத்துப் போச்சு. அதனால வெளில பாக்க அழுக்கா இருக்கிற பழைய கட்டடம் பெரும்பாலும் பளபளன்னு இருக்கிற புதுசை விட நல்ல வீடாகும்.

கொழுத்த கட்டடத்தையும் மாத்தலாம், பணம் இருந்தா. நியூயார்க்ல 25 வாட்டர் ஸ்ட்ரீட்ங்கிற 22 மாடி ஆபீஸ்ல நடுவுல ரெண்டு பெரிய திறந்த குழிய மேலேர்ந்து வெட்டி எறக்கி, வெட்டினதால போன இடத்துக்கு ஈடா உச்சில 10 மாடி ஏத்தி, 1,300க்கும் மேல வீடு பண்ணாங்க. அதுல நாலுல ஒண்ணுதான் குறைஞ்ச வருமானக்காரங்களுக்கான கட்டுப்பாட்டு வாடகை, மிச்ச மூணோட வாடகைதான் அந்த வெட்டுற செலவைத் தாங்குது. உங்க திட்டம் பூராவுமே குறைஞ்ச வாடகைன்னா இந்த வழி உங்களுக்கு இல்ல.

ஜன்னல் இல்லாட்டி என்ன, தலைக்கு மேல கூரை இருக்கேன்னு ஒரு வாதம் வரும். அப்படி விட்டுப் பாத்த கதைய கேளுங்க. இங்கிலாந்துல 2013ல ஆபீஸை வீடாக்க வழக்கமான திட்ட அனுமதி தேவையில்லன்னு விட்டாங்க. ஹார்லோல டெர்மினஸ் ஹவுஸ்ங்கிற ஆபீஸ்ல 18 சதுர மீட்டர்ல குடும்பங்கள வச்சாங்க, ஒரு காரை நிறுத்தி சுத்திவர நடந்தா அவ்வளவுதான் இடம். 2019ல வாட்ஃபோர்டுல 15 வீட்டுக்கு மேல்முறையீட்ல அனுமதி கிடைச்சுது, அதுல 7க்கு ஜன்னலே கிடையாது. அப்புறம் சத்தம் கிளம்பி, 2020ல மனுஷன் புழங்குற எல்லா ரூமுக்கும் இயற்கை வெளிச்சம் கட்டாயம்னும், 2021ல ஒரு ஆள் வீட்டுக்குக் குறைஞ்சது 37 சதுர மீட்டர்னும் விதி போட்டாங்க. இதையே உங்க குறைஞ்சபட்ச அளவா வச்சுக்குங்க, உங்க ஊர் விதி அதுக்குக் கீழ போக விட்டாலும்.

கட்டட ரகத்தப் பத்தி ஒரு வார்த்தை. பழைய ஹோட்டல்தான் ராஜா, ரூமும் பாத்ரூமும் ஜன்னலும் ரெடியா இருக்கும், சமையலுக்கு இடம் பண்ணா போதும். நியூயார்க்ல டைம்ஸ் ஸ்கொயர் ஹோட்டலை 1990கள்ல 652 வீடா மாத்தினாங்க, தெருவுல இருந்தவங்களும் குறைஞ்ச சம்பளக்காரங்களும் கலந்து. கலிஃபோர்னியா 2020ல கொரோனா நேரத்துல ஹோம்கீன்னு திட்டம் போட்டு ஹோட்டல் மோட்டலா வாங்கினதும் இதனாலதான், வேற எதுவும் அவ்வளவு சீக்கிரம் வீடாகாது. அடுத்தது பழைய ஸ்கூல், ஹாஸ்டல், ஆஸ்பத்திரி. அப்புறம் ஒல்லி ஆபீஸ். மால், கார் பார்க்கிங் வேண்டாம், பார்க்கிங்ல பாதி எடத்துல தரையே சரிவு, உயரமும் பத்தாது.

படி 4: கட்டடத்துக்கு மெடிக்கல் செக்கப்

முதல் தடவ உள்ள போறப்போ டார்ச், மாஸ்க், கனமான ஷூ. கதவத் திறந்த உடனே சாக்கடை நாத்தம் அடிச்சா பயந்துடாதீங்க, தரைல இருக்கிற ட்ராப்ல (கழிவு பைப்போட வளைவு) நிக்க வேண்டிய தண்ணி வருஷக்கணக்கா யாரும் ஊத்தாம காஞ்சு போய் பைப் காத்து மேல வருது, ஒரு பக்கெட் தண்ணி ஊத்தினா நின்னுடும். பயப்பட வேண்டிய நாத்தம் வேற, மண்ணு வாசனை கலந்த ஈர நாத்தம். அது வந்தா அண்ணாந்து பாருங்க, ஃபால்ஸ் சீலிங்ல காப்பிக் கறை மாதிரி வட்டம் இருக்கும், அந்தப் பலகைய எடுத்தா மேல கான்கிரீட் உப்பிப் போயிருக்கும்.

ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டாயம் வேணும், தெரிஞ்ச மேஸ்திரி தட்டிப் பாத்து நல்லாதான் இருக்குன்னா அது செக்கப் இல்ல. டெஸ்ட்ல எனக்குப் பிடிச்சது ஒண்ணு, கான்கிரீட்டை புதுசா கொஞ்சம் உடைச்சு அந்த முகத்துல பினாப்தலீன் கரைசல் தெளிப்பாங்க, ஸ்கூல் லேப்ல பாத்திருப்பீங்களே அதேதான். நல்ல கான்கிரீட் பளிச்சுன்னு ரோஸ் கலராகும். காத்துல இருக்கிற கார்பன் டை ஆக்சைடு ஏறிக் காரம் போன பகுதி கலர் மாறாம அப்படியே இருக்கும். கலர் மாறாத பட்டை வெளிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர்னா பரவாயில்ல, அது கம்பி வரைக்கும் போயிருந்தா கம்பி துரு பிடிக்க ஆரம்பிச்சிடும், அப்புறம் ரிப்பேர் செலவு உங்க துண்டுச் சீட்டு நம்பரை முழுங்கிடும்.

தாங்குற சக்தி பெரும்பாலும் பிரச்சினை இல்ல, ஆபீஸ் தளத்தை வீட்டுக்கு வேண்டியதுக்குக் குறையாத பாரத்துக்குத்தான் டிசைன் பண்ணியிருப்பாங்க. ஆனா அந்தத் தைரியத்துல செங்கல் சுவரா எழுப்பிடாதீங்க, லேசான பிளாக் இல்ல போர்டு பார்ட்டிஷன்தான்.

ஸ்லாப்ல கேபிளை இழுத்துக் கட்டின போஸ்ட் டென்ஷன் வகைன்னா ஒவ்வொரு ஓட்டை போடுறதுக்கு முன்னாடியும் ஸ்கேன் பண்ணணும். நான் இருந்த ஒரு சைட்ல ட்ராயிங்ல சாதா ஸ்லாப்னு போட்டிருந்துச்சு, நம்பி ஓட்டை போடுற கோர் மெஷினை வச்சோம், டொம்முன்னு ஒரு சத்தம், உள்ள கேபிள் அறுந்து பத்து மீட்டர் தள்ளி ஓரத்துல பூச்சு பேத்துக்கிட்டு வந்துச்சு. மதியச் சாப்பாட்டு நேரம், அங்க யாரும் இல்ல. அன்னிலேர்ந்து பழைய ட்ராயிங்க நான் பாதிதான் நம்புவேன்.

1990களுக்கு முன்னாடி கட்டினதுன்னா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னே வச்சுக்கிட்டு போங்க, கூரை ஷீட் மட்டும் இல்ல, பைப் மேல சுத்தினது, தரை டைல், பீம் மேல தெளிச்சது. புற்றுநோய் வரவைக்கிற தூசு, லைசன்ஸ் உள்ள ஆளு வர்றவரைக்கும் உடைக்கவோ துளைக்கவோ கூடாது. அதே மாதிரி ரொம்ப நாள் தண்ணி தேங்கின பைப்புல லெஜியோனெல்லா கிருமி வளரும், குடி வைக்கிறதுக்கு முன்னாடி டேங்க், பைப் எல்லாம் கிருமிநாசினி விட்டு அலசி டெஸ்ட் எடுக்கணும்.

படி 5: பாத்ரூம், பாத்ரூம், பாத்ரூம்

ஆபீஸ்ல ஒரு மாடிக்கு ஒரே இடத்துல, லிஃப்ட் பக்கத்துல டாய்லெட் இருக்கும். வீடாக்கினா அதே மாடில பத்து இடத்துல வேணும். சுவர் எழுப்புறது பெயின்ட் அடிக்கிறது எல்லாம் விளையாட்டு, இந்தப் பத்து பைப் எங்க கீழ எறங்கும்ங்கிறதுதான் நிஜமான டிசைன்.

விதி ரெண்டு. மேல் மாடி பாத்ரூம் எங்க இருக்கோ அதுக்கு நேர் கீழதான் எல்லா மாடிலயும், நூல் பிடிச்ச மாதிரி. பக்கத்து பக்கத்து வீட்டு பாத்ரூம் ரெண்டும் முதுகோட முதுகா ஒட்டி ஒரே ஷாஃப்ட்ல எறங்கணும், பத்து வீட்டுக்கு அஞ்சு ஷாஃப்ட். சமையல் மேடையும் அந்த ஷாஃப்டை விட்டுத் தள்ளிப் போகக் கூடாது. ஷாஃப்ட் இடம் பாக்குறப்போ பீமை வெட்டாம, தூண் பக்கத்துல போகாம, ஸ்லாப் நடுவுல வர்ற மாதிரி இன்ஜினியரோட உக்காந்து போடுங்க.

கழிவு பைப்புக்கு சரிவு வேணும், 60 மீட்டருக்கு ஒரு மீட்டர்னு வச்சா 6 மீட்டர் தள்ளி இருக்கிற கம்மோடுக்கு 10 சென்டிமீட்டர் எறக்கம். அது எங்க போகும்? ஒண்ணு, ஸ்லாபைத் துளைச்சு கீழ் வீட்டு சீலிங்ல தொங்கவிடணும், மேல் வீட்ல லீக் ஆனா கீழ் வீட்டுக்காரர் தலைல. இல்லன்னா பாத்ரூம் தரைய 15, 20 சென்டிமீட்டர் தூக்கணும், வாசல்ல ஒரு படி வந்துடும். நாங்க ஒரு பழைய ஹாஸ்டல்ல செலவு குறையும்னு தரையத் தூக்கிட்டோம். குடி வந்த ஒரு பாட்டி முட்டி வலிக்கு நடு ராத்திரி அந்தப் படிய ஏற முடியாம பக்கெட்டை வெளிலயே வச்சுக்கிட்டாங்கன்னு அவங்க பொண்ணு வந்து சொன்னப்போதான் எங்களுக்கு உறைச்சுது. அப்புறம் ஒவ்வொரு மாடிலயும் ரெண்டு வீட்டை உடைச்சுத் திருப்பிப் போட்டோம், மிச்சம் பிடிச்ச காசுக்கு மேல போச்சு. கம்மோடை ஷாஃப்டை ஒட்டியே வச்சா இந்தப் பிரச்சினையே வராது, பைப் சுவத்துக்குள்ளயே போயிடும். அதை முதல்லயே யோசிக்கல, எங்க தப்புதான்.

தண்ணிக் கணக்கும் மாறும். இந்தியத் தர விதிப்படி ஆபீஸ்ல ஒரு ஆளுக்கு நாளைக்கு 45 லிட்டர், வீட்ல 135. ஆபீஸ் ஆளு சாயங்காலம் போயிடுவாரு, வீட்டு ஆளு போக மாட்டாரு, அதுவும் காலைல ஒரு மணி நேரத்துல எல்லாரும் குளிப்பாங்க. கீழ் டேங்க், மோட்டார், மேல் டேங்க், கழிவு லைன் எல்லாத்தையும் புதுசா கணக்குப் போடுங்க, மேல் டேங்க் பெருசானா அந்த வெயிட்டை எந்தத் தூண் தாங்கும்னும்.

கரண்ட்டும் இதே கதை, ஒரே மீட்டர் இருந்த இடத்துல அறுபது மீட்டர், லைன் பாரம் கூட்ட அப்ளிகேஷன் குடுத்தா மாசக்கணக்காகும். முதல் வாரமே குடுத்துடுங்க.

படி 6: தீ

இதுல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க. ஆபீஸ்ல இருக்கிறவங்க முழிச்சிருப்பாங்க, வீட்ல தூங்குவாங்க, அடுப்பும் எரியும், குழந்தையும் இருக்கும். சாவ் பாலோல 2018 மே 1ஆம் தேதி, வீடில்லாத குடும்பங்கள் தங்கியிருந்த 24 மாடி பழைய அரசுக் கட்டடம் தீப்பிடிச்சு அப்படியே சரிஞ்சுது. ஜோஹன்னஸ்பர்க்ல 2023 ஆகஸ்ட்ல கைவிடப்பட்ட அஞ்சு மாடிக் கட்டடத்துல எழுபதுக்கும் மேல செத்தாங்க. லண்டன்ல கிரென்ஃபெல்ங்கிற அடுக்குமாடி வீட்ல 2017ல 72 பேர், அது காலிக் கட்டடம் இல்ல, புதுப்பிக்கிறோம்னு வெளில ஒட்டின எரியக் கூடிய பலகை. அதனால முகப்பை மாத்துறப்போ எரியாத பொருள்தான், மலிவா கிடைக்குதேன்னு பாக்காதீங்க.

ரெண்டு படிக்கட்டு, ஒண்ணுக்கொண்ணு தள்ளி, ரெண்டுக்கும் புகை புகாத தானா மூடுற கதவு. வீட்டுக்கு வீடு, மாடிக்கு மாடி தீ தாண்டாத சுவர். இதுல எல்லாரும் கோட்டை விடுறது ஷாஃப்ட். படி 5ல ஆசை ஆசையா அஞ்சு ஷாஃப்ட் போட்டீங்களே, அதெல்லாம் புகைக்கு நெட்டுக்குத்தா புகைபோக்கி. ஒவ்வொரு மாடிலயும் பைப்பைச் சுத்தி இருக்கிற இடைவெளிய தீ தாங்குற பொருள் வச்சு அடைக்கணும், அடைச்சதை மாடி மாடியா போட்டோ எடுத்து வைக்கணும், ஏன்னா சுவர் மூடினதுக்கு அப்புறம் யாரும் பாக்க முடியாது.

படி 7: அனுமதி

பயன்பாட்டு மாற்றம், கட்டட அனுமதி, தீயணைப்புத் துறை, தண்ணி கழிவு இணைப்பு, வெவ்வேறு மேசை. ஊருக்கு ஊர் பேர் மாறும், அதுக்குள்ள நான் போகல. பார்க்கிங் விதி மட்டும் கவனிங்க, வீட்டுக்கு ஒரு கார் நிறுத்தணும்னு கேட்டா நடு ஊர்ப் பழைய கட்டடத்துல எங்க போறது? லாஸ் ஏஞ்சலஸ் 1999ல கொண்டு வந்த மறுபயன்பாட்டு விதில இந்த மாதிரி பழைய கட்டடத்துக்குப் புது பார்க்கிங் கேக்காம விட்டதாலதான் அங்க டவுன்டவுன்ல ஆயிரக்கணக்கான வீடு வந்துச்சு. உங்க ஊர்ல விலக்கு கேட்டு எழுதுறப்போ இதை முன்னுதாரணமா காட்டுங்க. வாய்ப் பேச்சா ஆகட்டும்னு சொன்னா கேட்டுட்டு வந்துடாதீங்க, எழுத்துல வாங்கணும்.

படி 8: பணம்

18 மாச வருமானம்தான் கடன் தாங்கும்னு பாத்தோம், நிஜச் செலவு அதுக்கு மேலதான் போகும். அந்த இடைவெளிய எப்படி அடைக்கிறது? மானியம் ஒண்ணு. கனடாவுல கால்கரி 2021ல காலி ஆபீஸை வீடாக்கினா சதுர அடிக்கு 75 டாலர்னு குடுக்க ஆரம்பிச்சுது, 2031க்குள்ள 60 லட்சம் சதுர அடி ஆபீஸ் இடத்தைக் குறைக்கணும்னு குறி. அங்க நியோமாங்கிற கட்டடம் இப்ப 82 குறைஞ்ச வாடகை வீடு, முன்ன ஆபீஸ். அடுத்தது சொத்து வரி விலக்கு. தரைத் தளத்தைக் கடைக்கு விடுறது நல்ல வழி, எப்படியும் அங்க வீடு வச்சா ஜன்னல் வழியா தெரு எட்டிப் பாக்கும்.

எதிர்பாராத செலவுக்குப் புதுக் கட்டடத்துல 5, 10 சதவீதம் வைப்பாங்க, இங்க 20 வைங்க. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல என்ன இருக்குன்னு பிரிக்கிற வரைக்கும் கடவுளுக்குத்தான் தெரியும். அந்த 20ஐ சேர்த்தும் துண்டுச் சீட்டு நம்பருக்குள்ள வரலன்னா, மானியமும் இல்லன்னா, இதான் விட்டுட்டு வர்ற கடைசி ஸ்டாப்பிங். வாடகைய கொஞ்சம் ஏத்திக்கலாம்னு இங்கதான் மனசு சொல்லும். ஏத்தினீங்கன்னா வேற யாருக்கோ வீடு கட்டிக்கிட்டு இருக்கீங்க.

படி 9: வாடகைக்குப் பூட்டு போடுங்க

கஷ்டப்பட்டு கட்டி, பத்து வருஷத்துல ஏரியா விலை ஏறி, அடுத்த நிர்வாகம் வித்துட்டுப் போச்சுன்னா? நியூயார்க் லோயர் மேன்ஹாட்டன்ல 1995லேர்ந்து ஆபீஸை வீடாக்க வரிச் சலுகை குடுத்தாங்க, சலுகை வாங்கின வீட்டுக்கு வாடகைக் கட்டுப்பாடு உண்டுன்னு குடியிருந்தவங்க நம்பினாங்க, உசந்த வாடகை வீட்டுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாதுன்னு ஓனருங்க வாதாடினாங்க, நீங்காதுன்னு 2019ல மாநில உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்ற வரைக்கும் கேஸ் இழுத்துச்சு. குடியிருந்தவங்க ஜெயிச்சாங்க, ஆனா சட்டத்துல இருக்கிறதை ஆளுக்கொரு மாதிரி படிச்சதால இருபது வருஷம் கழிச்சு கோர்ட் வரைக்கும் போக வேண்டியதாச்சு.

அதனால வாடகை வரம்பு நிலப் பத்திரத்துலயே ஏறணும், யாரு வாங்கினாலும் கூடவே போற மாதிரி. இன்னும் கெட்டியான வழி, வீடு ஒருத்தர்கிட்ட, விக்கிறதுக்கான சம்மதம் இன்னொருத்தர்கிட்ட. ஜெர்மனில ஃப்ரைபுர்க்ல ஆரம்பிச்ச மீட்ஸ்ஹாய்சர் சிண்டிகாட் இப்படித்தான் நூத்துக்கும் மேல வீடுகள வச்சிருக்கு, ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு கம்பெனி, அதுல ரெண்டே பங்குதாரர், குடியிருப்பவங்க சங்கமும் சிண்டிகாட்டும். நிர்வாகம் குடியிருப்பவங்களோடது, ஆனா சிண்டிகாட் ஒத்துக்காம விக்க முடியாது. அமெரிக்கால பர்லிங்டன்ல 1984லேர்ந்து நடக்குற நில ட்ரஸ்ட் முறைல நிலம் எப்பவும் ட்ரஸ்ட்கிட்டயே. வக்கீலுக்கு இந்த ரெண்டு மாடலையும் காட்டி உங்க ஊர்ச் சட்டத்துக்கு எது பொருந்தும்னு கேளுங்க.

வாடகை வருஷா வருஷம் எப்படி ஏறும்ங்கிற ஃபார்முலாவும் அதே பத்திரத்துல. ஏறவே கூடாதுன்னு எழுதிடாதீங்க, லிஃப்ட் மாத்த காசில்லாம கட்டடமே திரும்பக் காலியாகும்.

படி 10: முதல்ல ஒரே ஒரு வீடு

மொத்தக் கட்டடத்துலயும் ஒரே நேரத்துல வேலைய ஆரம்பிக்காதீங்க. ஒரு வீட்டை முழுசா, குழாய், பல்பு, தாழ்ப்பாள் வரைக்கும் முடிங்க. அப்புறம் ஒரு கட்டில், ஒரு பீரோ, ஒரு ஃப்ரிட்ஜ், மூணையும் கீழேர்ந்து லிஃப்ட்ல ஏத்தி அந்த வீட்டுக்குள்ள கொண்டு போகச் சொல்லுங்க. பீரோ வராந்தா திருப்பத்துல மாட்டும், இல்லன்னா கதவு திறந்தா கட்டில்ல இடிக்கும். ஷவரைத் திறந்து விட்டுட்டு கீழ் மாடில நின்னு சத்தம் கேளுங்க. அடுப்ப மூட்டி தாளிச்சுப் பாருங்க, நெடி பக்கத்து வீட்டுக்குப் போகுதான்னு. ஆபீஸ் ஜன்னல்ல பாதி திறக்கவே திறக்காது, காத்து போற வழி இல்லன்னா இதுலதான் தெரியும். குடி வரப் போறவங்கள்ல நாலு பேரைக் கூட்டி வந்து காட்டுங்க, துணி எங்க காயப்போடுறதுன்னு முதல் கேள்வி வரும், எந்த ஆர்க்கிடெக்டும் அதை வரைஞ்சிருக்க மாட்டாரு.

தப்பையெல்லாம் இந்த ஒரு வீட்ல பண்ணி முடிச்சிட்டு மிச்சத்தை மேலேர்ந்து கீழ வரிசையா செய்யுங்க, மேல்தளத் தண்ணிக் கசிவை நிறுத்தினதுக்கு அப்புறம்தான் உள் வேலை.

படி 11: குடி வச்சதுக்கு அப்புறம்

யாருக்கு வீடுங்கிறத மனு வாங்கி எல்லார் முன்னாடியும் குலுக்கல்ல எடுங்க, தெரிஞ்சவங்களுக்குக் குடுத்தாங்கன்னு ஒரு பேச்சு கிளம்பினா அடுத்த கட்டடத்துக்கு யாரும் ஒத்துழைக்க மாட்டாங்க. நடக்க முடியாதவங்களுக்கும் வயசானவங்களுக்கும் கீழ் மாடில தனியா ஒதுக்கிட்டு மிச்சத்தைக் குலுக்குங்க.

வாடகைல ரிப்பேருக்குன்னு எடுக்கிற பங்கைத் தனி அக்கவுன்ட்ல போடுங்க, சம்பளம் குடுக்க அதைத் தொடக் கூடாது. முதல் மழைக்காலம் முடிஞ்ச உடனே இன்ஜினியரைத் திரும்பக் கூட்டி வந்து மேல்தளம், பாத்ரூம் அடி, ஷாஃப்ட் மூணையும் பாக்கச் சொல்லுங்க, காண்ட்ராக்டரோட உத்தரவாதக் காலம் முடியுறதுக்குள்ள. அப்புறம் ஒரு சின்ன விஷயம், ஷாஃப்ட் கதவுச் சாவி யார்கிட்ட இருக்குன்னு லிஃப்ட் பக்கத்துல எழுதி ஒட்டுங்க, பைப் உடையுறது எப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்குத்தான்.